வீட்டிலேயே சலட் டிரெசிங்: மலையகக் குளிருக்கு ஏற்ற முறை

நானுஓயாவிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "வீட்டுக்குப் பின்னால் சலாதும் கரட்டும் போட்டிருக்கிறோம். கடையில் வாங்கிய சலட் டிரெசிங்கை ஊற்றினால்தான் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். அந்தச் சின்னப் போத்தலின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. தேங்காய் எண்ணெயையும் தேசிக்காய்ச் சாற்றையும் கலந்து நானே செய்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மெழுகு போல இலையில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டது. ஒலிவ் எண்ணெய் வாங்காமல் இதைச் செய்யவே முடியாதா?"

முடியும் தங்கச்சி. செய்முறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்று இரவுச் சாப்பாட்டுக்கே செய்துவிடலாம். மூடி இறுக்கமாகப் பொருந்துகிற வெறும் ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவி ஈரம் போகக் காயவைத்துக்கொள்ளுங்கள். அதில் 2 மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, அரைத் தேக்கரண்டி உப்பு, 1 தேக்கரண்டி கித்துள் பாணி, அரைத் தேக்கரண்டி அரைத்த கடுகு, ஒரு சிட்டிகை மிளகுத்தூள் ஆகியவற்றைப் போட்டு மூடிக் குலுக்குங்கள். உப்பு முழுவதும் கரைந்த பிறகு 3 மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயும் 1 மேசைக்கரண்டி நல்லெண்ணெயும் ஊற்றி, மறுபடியும் மூடி, அரை நிமிடமாவது பலமாகக் குலுக்குங்கள். மஞ்சள் கலந்த பால் போலக் கெட்டியாகத் திரண்டு வரும். அவ்வளவுதான். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இது இரண்டு மூன்று வேளைக்குப் போதும். கித்துள் பாணி இல்லையென்றால் சீனி போடலாம். சூரியகாந்தி எண்ணெய் இல்லையென்றால் சோயா எண்ணெய் போதும்.

இனி, உங்கள் எண்ணெய் ஏன் உறைந்தது என்பதைச் சொல்லுகிறேன். உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் கட்டியாகத் தொடங்கும். கொழும்பிலும் மட்டக்களப்பிலும் சமையலறை அந்த அளவுக்குக் குளிர்வது அபூர்வம். நுவரெலியாவிலோ ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவில்தான் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாத விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனியே படிந்துவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலையில் பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டுமென்றால்கூடப் போத்தலை அடுப்போரத்தில் வைத்து இளக்கித்தானே எடுக்கிறோம்? அந்த எண்ணெயைப் பீலித் தண்ணீரில் கழுவிய சில்லென்ற இலையின்மேல் ஊற்றினால் அது மெழுகாகாமல் என்ன செய்யும்? சுத்தமான தேங்காய் எண்ணெயாக இருந்தாலும், விலை கூடிய கன்னித் தேங்காய் எண்ணெயாக இருந்தாலும் இதே கதைதான். கீழ்நாட்டில் நன்றாக வருகிற ஒரு முறையை மலையில் அப்படியே செய்தால் இப்படித்தான் ஆகும்.

சூரியகாந்தி, சோயா, எள் ஆகியவற்றின் எண்ணெய்கள் நம் குளிரில் உறைவதில்லை. அவற்றின் கொழுப்பின் தன்மை வேறு. ஒலிவ் எண்ணெயும் உறையாது, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மட்டும் கலங்கி இறுகும், வெளியே எடுத்து வைத்தால் தெளிந்துவிடும். அது நல்ல எண்ணெய், சந்தேகமில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் சலட் இல்லை என்று நினைத்து நம் தோட்டத்துக் கீரையையும் கரட்டையும் கறிச்சட்டிக்கு மட்டுமே ஒதுக்கிவைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. அதற்கு நல்லெண்ணெய் இருக்கிறது. முழுவதும் நல்லெண்ணெயாக ஊற்றினால் அதன் வாசம் இலையை அமுக்கிவிடும், அதனால்தான் நாலில் ஒரு பங்கு சொன்னேன். அந்த ஒரு பங்கு கொடுக்கும் மணம் எந்தக் கடைப் போத்தலிலும் இராது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வடை, பொரியல் செய்து மீந்த எண்ணெயை இதற்கு எடுக்கவே கூடாது. சூடாக்காமல் பச்சையாகச் சாப்பிடுகிற எண்ணெய் இது, பழைய வாடை கொஞ்சம் இருந்தாலும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் நான் கற்றது என் அப்பாவிடம். அவர் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக, இருந்தார். 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பிறகும் பங்களாவின் சாப்பாட்டு மேசை மாறவில்லை. துரை மாறுவார், மேசையில் சலாது இலை இருக்கும். அப்பா சலட் டிரெசிங் என்ற சொல்லைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை, "சலாதுத் தண்ணி" என்பார். ஒரு பீங்கான் கோப்பையில் உப்பையும் வினாகிரியையும் போட்டு முள்ளுக்கரண்டியால் அடிப்பார். பிறகு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவார். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். பங்களாத் தோட்டத்தில் சலாதுக்குத் தண்ணீர் ஊற்றியது நம் ஆட்கள், பறித்துக் கழுவியது நம் ஆட்கள், அந்தச் சலாதுத் தண்ணியை நாட்டிலேயே திறமாகச் செய்யத் தெரிந்தவர்களும் நம் ஆட்கள்தான். நம் ஆட்கள் குடியிருந்த லயத்தில் மட்டும் யாரும் அதைச் சாப்பிடவில்லை. "அது துரைமார் சாப்பாடு" என்று அம்மா சொல்லிவிடுவார். பின்னாளில் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் சமையலறையில் பல வருடங்கள் சலட் பகுதியில் வேலை செய்தேன். அங்கே பெரிய பெரிய பெயர்களோடு செய்த அத்தனை டிரெசிங்கும் அப்பாவின் கோப்பையில் இருந்த அதே மூன்று சாமான்கள்தான் என்று அப்போது தெரிந்தது: ஒரு புளிப்பு, ஒரு எண்ணெய், உப்பு.

இது நமக்குப் புதிதும் இல்லை. வல்லாரைச் சம்பலை எண்ணிப் பாருங்கள். பொடியாக அரிந்த இலை, உப்பு, தேசிக்காய், திருவிய தேங்காய், வெங்காயம், விருப்பப்பட்டால் மாசி. புளிப்புக்குத் தேசிக்காய், கொழுப்புக்குத் தேங்காய்ப்பூ. இலையில் கையால் பிசறுகிறோம். அங்கே தேங்காய்ப்பூ செய்கிற வேலையை இங்கே எண்ணெய் செய்கிறது. சம்பலில் உப்புப் புளி பார்க்கத் தெரிந்த கைக்கு டிரெசிங்கில் உப்புப் புளி பார்க்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

உப்பை ஏன் முதலில் புளிப்பில் கரைக்கச் சொன்னேன் என்றால், உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெயை ஊற்றிய பிறகு உப்புப் போட்டால் அது அடியில் மணலாகத் தங்கிவிடும், கடைசியில் சாப்பிடுகிறவரின் பங்கில் மட்டும் உப்புக் கரிக்கும். சீனியும் அப்படியே. அதனால் எந்த டிரெசிங்காக இருந்தாலும் வரிசை இதுதான்: புளிப்பு, உப்பு, இனிப்பு, காரம், பிறகு எண்ணெய்.

கடுகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் செய்முறையின் உயிர் அதில்தான் இருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது பழமொழியிலேயே இருக்கிறது. குலுக்கும்போது எண்ணெய் சின்னச் சின்னத் துளிகளாக உடைகிறது. விட்டுவிட்டால் அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மேலே மிதந்துவிடும். கடுகின் தோலில் ஒரு வழவழப்பான பசை இருக்கிறது. அரைத்த கடுகு சேர்ந்தால் அந்தப் பசை துளிகளைச் சுற்றிப் படிந்து அவற்றைச் சேரவிடாமல் பிடித்துவைக்கிறது. கடுகு போடாத டிரெசிங் இரண்டு நிமிடத்தில் பிரிந்துவிடும். கடுகு போட்டது சாப்பிட்டு முடியும்வரை தாங்கும். அப்புறம் பிரிந்தாலும் கவலையில்லை, மறுபடி குலுக்கினால் சேர்ந்துவிடும்.

கடுகை அரைப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. 1 மேசைக்கரண்டி கடுகைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, அம்மியில் அதே தண்ணீரைத் தெளித்து விழுதாக அரையுங்கள். அரைத்ததும் வினாகிரியை ஊற்றிவிடாதீர்கள், பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். கடுகு நசுங்கித் தண்ணீரோடு சேரும்போதுதான் மூக்கில் ஏறும் அந்தக் காரம் பிறக்கிறது. அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். புளிப்பு உடனே சேர்ந்தால் காரம் வளர்வது தடைப்படும், வெந்நீர் ஊற்றினால் காரமே செத்துவிடும். பத்து நிமிடம் கழித்து 1 மேசைக்கரண்டி வினாகிரியும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்தால் காரம் அந்த நிலையிலேயே நிற்கும். இந்த விழுதை ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் குளிரில் வைத்தால் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் கொஞ்சம் கசக்கும், மறுநாள் கசப்புக் குறைந்துவிடும். மலே அச்சாறுக்கு அரைக்கிற கடுகுக்கு இது கிட்டத்தட்டச் சொந்தம்தான். நேரமில்லாதவர்கள் கடையில் போத்தலில் விற்கிற அரைத்த கடுகை வாங்கிக்கொள்ளலாம், அதில் ஏற்கெனவே உப்பு இருக்கும் என்பதால் செய்முறையில் உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

புளிப்புக்கு நான் தேசிக்காயையே முதலில் சொன்னேன், ஏனென்றால் அதன் வாசம் பச்சை இலைக்கு மிகவும் பொருந்துகிறது. ஆனால் தேசிக்காய் நம் குளிரில் விளைகிற பயிரில்லை. மொனராகலை போன்ற வெப்பமான பக்கங்களிலிருந்து மலையேறி வருகிறது. வரத்துக் குறைந்த மாதங்களில் விலை எங்கோ போய்விடும். குளிரில் கிடந்த தேசிக்காய் சாறும் குறைவாகவே விடும். வெட்டுவதற்கு முன் இளஞ்சூடான தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டுவைத்து, மேசையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டி எடுங்கள், நல்ல பழமாக இருந்தால் ஒன்றிலேயே 2 மேசைக்கரண்டி சாறு வரும். விதை நசுங்கும்படி பிழியாதீர்கள், கசக்கும்.

தேசிக்காய் கிடைக்காதபோது வினாகிரி. போத்தலின் எழுத்தைப் படித்து வாங்குங்கள். தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுக்கிற இயற்கை வினாகிரி ஒன்று, அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து விற்கிற செயற்கை வினாகிரி இன்னொன்று. பாத்திரம் துலக்குவதற்குச் செயற்கை போதும். பச்சையாகச் சாப்பிடுகிற டிரெசிங்குக்கு தென்னங்கள் வினாகிரியை வாங்குங்கள், விலை வித்தியாசத்துக்கு ஏற்ற வாசம் அதில் இருக்கிறது. வினாகிரியின் புளிப்பு கூர்மையாக இருப்பதால், 1 பங்கு வினாகிரிக்கு 3 பங்கு எண்ணெய் என்று வையுங்கள். அதுதான் பிரெஞ்சுச் சமையலில் பழைய கணக்கு. தேசிக்காய்க்கு நான் 2 பங்குதான் சொன்னேன். சம்பல் சாப்பிட்டுப் பழகிய நம் நாக்கு புளிப்பைக் கொஞ்சம் தூக்கலாகவே கேட்கிறது, அந்த நாக்குக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்.

பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: மரத்தக்காளி. நன்றாகப் பழுத்த இரண்டு பழத்தை நீளவாக்கில் வெட்டி, உள்ளே இருக்கும் சதையைக் கரண்டியால் வழித்துச் சல்லடையில் தேய்த்தால் கருஞ்சிவப்பான புளிச் சாறு இறங்கும். தேசிக்காய்ச் சாற்றுக்குப் பதிலாக அதை அப்படியே ஊற்றிச் செய்யுங்கள், இனிப்பை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். நான் ஹோட்டலில் செய்த எந்த டிரெசிங்கையும் விட இது எனக்குப் பிடிக்கும். இவ்வளவு நல்ல பழம் வேலியோரத்தில் விழுந்து வீணாவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

ருசி பார்ப்பது எப்படி என்பதையும் அப்பாதான் சொல்லித்தந்தார். கரண்டியில் எடுத்து நாக்கில் விட்டுப் பார்க்காதே, ஒரு இலையைக் கிள்ளி அதில் தோய்த்துத் தின்று பார் என்பார். கரண்டியில் பார்க்கும்போது உப்பும் புளியும் முகத்தைச் சுளிக்கவைக்கும், உடனே பயந்து எண்ணெயையோ தண்ணீரையோ ஊற்றிவிடுவோம். அந்த டிரெசிங் ஒரு பாத்திரம் இலையில் மெல்லப் பரவியதும் சப்பென்று ஆகிவிடும். இலையோடு சேர்த்துப் பார்த்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

அடுத்தது இலையைக் கழுவுவது. நல்ல டிரெசிங்கும் பாழாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நம் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் மருந்து அடிப்பதும் சாணி உரம் போடுவதும் நமக்குத் தெரியும். உங்கள் வீட்டுச் சலாதில் மருந்து இல்லாமல் இருக்கலாம், மண்ணும் புழுவும் இருக்கும். அடித்தண்டை வெட்டி இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். மண் அடியில் தங்கிய பிறகு இலையை மேலே அள்ளி எடுங்கள், பாத்திரத்தைக் கவிழ்த்தால் அதே மண் மறுபடி இலையில் விழும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி, கடைசியில் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். உங்கள் தண்ணீர் நேரே ஓடையிலிருந்தோ பீலியிலிருந்தோ வருகிறது என்றால் கடைசி அலசலுக்குக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரையே எடுங்கள். உப்புத் தண்ணீர் புழுவை வெளியே கொண்டுவரும், ஆனால் கிருமியையெல்லாம் கொன்றுவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

கழுவிய பிறகு ஈரத்தை எடுக்க வேண்டும். ஈரமான இலையில் எண்ணெய் ஒட்டாது. டிரெசிங் வழுக்கிப் பாத்திரத்தின் அடியில் போய்க் குளம் கட்டும், மேலே இலை பச்சைத் தண்ணீராக இருக்கும். அப்பா சுத்தமான கோதுமை மாச்சாக்குத் துணியில் இலையைப் போட்டு நாலு முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பங்களாக் குசினிக்குப் பின்னால் நின்று கையை வட்டமாகச் சுழற்றுவார். தண்ணீர் எல்லாம் மழைபோல் சிதறும். நாங்கள் பிள்ளைகள் அதற்குக் கீழே ஓடுவோம். இன்றைக்கும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஹோட்டலில் அதற்கென்றே கைப்பிடி வைத்த கூடை இருந்தது, அதுவும் அதே சுழற்சிதான்.

பரிமாறும் நேரத்தில், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு, நான்கு கைப்பிடி இலைக்கு 2 மேசைக்கரண்டி டிரெசிங் ஊற்றிக் கையால் மெல்லப் பிசறுங்கள். முன்கூட்டியே பிசறி வைத்தால் கால் மணி நேரத்தில் இலை கறுத்துத் துவண்டுவிடும். புளிப்புத்தான் இலையை வதக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இலையின் மேல்தோலில் மெழுகு போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. தண்ணீர் தன்மையான புளிப்பு அதில் உருண்டு ஓடிவிடும், எண்ணெய்தான் உள்ளே ஊறி இலையைத் துவளச் செய்கிறது.

சலாது இலைக்கு இது போதும். ஆனால் எல்லா மரக்கறியும் ஒரே டிரெசிங்கைக் கேட்பதில்லை. கோவாவை நூலாக அரிந்து, அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறி 20 நிமிடம் வைத்துப் பிழிந்துவிடுங்கள், இல்லையென்றால் அது விடும் தண்ணீரில் டிரெசிங் நீர்த்துப்போகும். பிழிந்த கோவாவோடு துருவிய கரட்டைச் சேர்த்து, அதற்குத் தயிர் டிரெசிங் செய்யலாம். அரைக் கோப்பை கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி அரை மணி நேரம் தொங்கவிட்டு, அதில் அதே அரைத்த கடுகு அரைத் தேக்கரண்டி, 1 தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, 1 மேசைக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் சீனி, மிளகு சேர்த்து அடியுங்கள். உங்கள் பிள்ளைகள் கடைப் போத்தலில் தேடுவது அந்த வெள்ளை நிறத்தையும் கெட்டியையும் என்றால், இதைக் கொடுத்துப் பாருங்கள். முட்டித் தயிர் கிடைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். பீட்ரூட்டை அவித்துத் தோலுரித்து வெட்டி, சூடு ஆறுவதற்கு முன்பே வினாகிரியும் கித்துள் பாணியும் உப்பும் கலந்து ஊற்றுங்கள், எண்ணெயைக் கடைசியில் ஒரு கரண்டி விட்டால் போதும். இளம் லீக்ஸின் வெள்ளைப் பாகத்தை மயிரிழையாக அரிந்தால் பச்சையாகவே சாப்பிடலாம். அதற்குத் தேசிக்காய் டிரெசிங்கில் ஒரு பச்சைக் கொச்சிக்காயைப் பொடியாக அரிந்து போடுங்கள்.

இந்தக் காய்களெல்லாம் இங்கே எப்படி வந்தன என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லலாம். 1848 இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேறி, தன் நாட்டு விதைகளையும் மாடுகளையும் கொண்டுவந்து பண்ணை வைத்தார். அப்படிப்பட்டவர்கள் தங்கள் மேசைக்காகத் தொடங்கிய பயிர் இன்று நாடு முழுவதற்கும் லொறி லொறியாக இறங்குகிறது. அந்தக் காய்களை விளைவிக்கிற வீட்டிலும் அவற்றை நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதுதான் எனக்குள்ள ஆசை.

எண்ணெயே வேண்டாம், கொழுப்பு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கரட்டில் இருக்கிற கரோட்டின் உடம்பில் சேர வேண்டுமென்றால் கொழுப்பு வேண்டும். எண்ணெய் இல்லாத கரட் சலட்டில் அதன் பெரும்பகுதி சேராமலே போய்விடும். இலைகளில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதற்குத் தேசிக்காயில் உள்ள விற்றமின் சி உதவுகிறது. அதே இரும்பைத் தேயிலைச் சாயம் தடுக்கிறது. சாப்பாட்டோடு பிளேன்டீ குடிக்கிற பழக்கம் நம் லயங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது, குறிப்பாகக் கொழுந்தெடுக்கப் போகிற பெண்களிடம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் அந்த இலையின் பலன் அவர்களுக்குக் கிடைக்கும். இரத்தக் குறைவு என்று வைத்தியர் சொன்ன பெண்கள் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

எவ்வளவு நாள் வைக்கலாம்? நான் மேலே சொன்ன அடிப்படை டிரெசிங் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். வெள்ளைப்பூண்டு, வெங்காயம், கொத்தமல்லி இலை ஏதாவது பச்சையாகச் சேர்த்திருந்தால் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் நாட்கணக்கில் வைத்திருக்கவே வேண்டாம். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் ஆபத்தான நச்சுக் கிருமி வளர இடமிருக்கிறது, வாடையோ நிறமோ மாறாது. நம் ஊர்க் குளிரே போதும் என்று நினைத்து இந்த விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். பூண்டு வாசம் வேண்டுமென்றால், பரிமாறும் பாத்திரத்தின் உட்புறத்தில் வெட்டிய ஒரு பல்லைத் தேய்த்துவிட்டு இலையைப் போடுங்கள்.

பச்சை முட்டையில் செய்கிற மயோனைசை நான் வீட்டுக்குச் சொல்வதில்லை. சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இருக்கிற வீட்டில் பச்சை முட்டை வேண்டாம். அதற்குப் பதிலாக அப்பா டின்பாலில் ஒன்று செய்வார். கால் கோப்பை டின்பாலில் அரைத் தேக்கரண்டி அரைத்த கடுகும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, 3 மேசைக்கரண்டி வினாகிரியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குவார். புளிப்புப் பட்டதும் பால் திரண்டு, முட்டை போட்ட மாதிரியே கெட்டியாகிவிடும். இனிப்பு அதிகம் என்பதால் விசேஷ நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. மழைக்காலத்தில், பனி வாசல்வரை இறங்கி நிற்கும்போது, பச்சை இலையைப் பார்த்தாலே உடம்பு நடுங்கும். அந்த நாட்களுக்கும் இதே போத்தல் உதவும். உருளைக்கிழங்கைத் தோலோடு அவியுங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் கீழ்நாட்டைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும், குத்திப் பார்த்து இறக்குங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் நறுக்கிய போஞ்சியையும் அதே தண்ணீரில் போடலாம். தண்ணீரை வடித்து, கை பொறுக்கிற சூட்டில் கிழங்கை உரித்துத் துண்டாக்கி, ஆவி பறக்கும்போதே டிரெசிங்கை ஊற்றுங்கள். சூடான கிழங்கு அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆறிய கிழங்கில் அது மேலேயே நிற்கும். சின்ன வெங்காயம் இரண்டை அரிந்து தூவி, சூடான ரொட்டியோடு கொடுங்கள்.